ஆறாவது துளை

செகாம்புட்டில், கார் கழுவும் கடைக்குப் பின்னால்
கடைசல் எந்திரத்தோடு பன்னிரண்டு வருஷம்.
பம்புத் தண்டு, லிஃப்ட் பல்சக்கரம்,
ஒருமுறை ஒரு நாய்க்கு எஃகுக் கால்.
துப்பாக்கி இதுதான் முதல்.

படக்கம்பெனிக் குணாளன் கொண்டுவந்தான்
பூட்டிய பெட்டியில். கூடவே ஒரு கடுதாசி.
கடுதாசிக்குக் காவலாய் சார்ஜன் ஜம்ரி.
பழைய கருமருந்துச் சுழல்துப்பாக்கியின் நகல்,
குழல் வாயை ஈயம் ஊற்றி அடைத்திருந்தது.
சுடாது, சுடவே சுடாது என்று
மூன்று மொழியில் சொன்னான்.

கதை நடக்கிற வருஷத்தில் தோட்டா வந்துவிட்டதாம்.
இதுவோ அதற்கு முந்தைய பிறவி.
முன்னால் மருந்து கொட்டி, குண்டை இடித்து இறக்கி,
பின்னால் தொப்பி மாட்டி
நாயகன் ஆறையும் நிரப்புவதற்குள்
வில்லன் ஈப்போ போய்ச் சேர்ந்திருப்பான்.
"உருளைய மட்டும் மாத்திக் குடுங்கக்கா.
தோட்டா பின்னாலேர்ந்து நுழையணும்.
கேமரா ரொம்பக் கிட்ட வரும்."

கழற்றிக் கையில் வைத்தேன்.
ஒருபக்கம் ஆறு வாய். மறுபக்கம் சுவர்.
சுவரில் ஆறு முலைக்காம்பு.
தொழிலில் அதற்குப் பெயரே அதுதான் என்றவன்
சொன்னபிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

புதியதை இருபுறமும் திறந்து குடைந்தேன்.
வெளிச்சத்துக்குத் தூக்கினால்
ஒரு துளையில் மின்கம்பி,
ஒன்றில் அடுக்குமாடியில் காயும் பள்ளிச் சட்டை,
ஒன்றில் சார்ஜனின் மீசை.
பின்னால் கதவுபோல் தனியே ஒரு வட்டத்தகடு.
நுழைய ஆறு வழி.
வெளியேற, ஈயம்.

மாட்டிச் சுத்தியை இழுத்தேன்.
ஐந்து அறை குழலுக்கு நேராய் வந்து நின்றது.
ஆறாவது துளை மட்டும் சரிந்து,
கூப்பிட்டும் முகம் திருப்பாத பூனைபோல
ஒரு முடியளவு விலகி.

தோட்டா இல்லை. மருந்து இல்லை.
ஆனாலும் கட்டைவிரல் வேர்த்தது.
அதுவரை பேசாத ஜம்ரி மலாயில் மெதுவாகச் சொன்னார்,
நிஜமானதில் இப்படி நின்றால்
போவது சுட்டவன் கைதான் என்று.
யார் கை என்று நான் கேட்கவில்லை.

கேமராவுக்கு இது போதும் என்றான் குணாளன்.
போதும்தான்.
இரவு ஒன்பதுக்கு இரண்டாவது உருளையை ஏற்றினேன்.
ஆறும் நின்றது.
எண்பது வெள்ளி கூடக் கேட்டேன், நாற்பது கொடுத்தான்.

படத்தில் அந்தக் காட்சி நாலு நொடி.
நிரப்புகிற கை மட்டும்.
க்ளிக் சத்தம்கூட என்னுடையது இல்லை,
ஸ்டேப்ளரை அமுக்கிப் பதிந்தார்களாம்.

கெட்டுப்போன உருளையை முதலாளி சியோங்
வாசலில் டத்தோ கோங் மாடத்தில் நிறுத்திவிட்டார்.
தினமும் மூன்று ஊதுவத்தி.
ஏழாம் மாதம் பிறந்தால் ஆறும்.
ஆறாவது சாய்ந்தே எரிகிறது,
சாம்பல் என் எந்திரம் இருக்கும் பக்கமாக
விழுகிறது.