எர்லின் உடைகள்

ஈரி ஏரிக்கரைப் பூங்காவில்
ரோலர் கோஸ்டரின் முதல் வளைவோரம் நிற்கும்
பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு
எர்ல் என்று யார் பெயர் வைத்ததோ தெரியாது.

வாண்டா வேலைக்குச் சேர்ந்தபோது
அவன் சுரங்கத் தொழிலாளி, கையில் கடப்பாரை.
மூன்றாம் வருடம் விண்வெளி வீரன்;
தலையில் மீன்தொட்டியைக் கவிழ்த்தார்கள்.
அப்புறம் கடற்கொள்ளைக்காரன்.
அப்புறம் மம்மி.
அந்தக் கோடையில் கட்டுத்துணி அவிழ்ந்து
சக்கரத்தில் சுற்றிக்கொண்டு
இரண்டு மணி நேரம் வண்டி நின்றது.

தண்டவாளம் மட்டும்
ஒவ்வொரு தடவையும் ஒரு பூச்சு தடித்தது.
சங்கிலி அதே டக்டக்.
அலறல் அதே இடத்தில்.
நிறத்தைப் பார்த்தா பயம் வருகிறது?

இந்த வசந்தத்தில் மேலாளர் ப்ரெண்ட் சொல்லிவிட்டான்:
"தீமே வேண்டாம். அசலாக இருக்கட்டும்."

அசல் என்ன நிறம்?
இருக்கிற படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை.
வாண்டா சுரண்டுகிறாள்.
ஊதா. வெள்ளி.
யாருக்கும் நினைவில்லாத ஒரு பச்சை.
செங்காவிப் பிரைமர்.
அதற்கும் கீழே இரும்பு,
விரலைச் சில்லிட வைக்கிறது.
"இதில் எது?" என்று படமெடுத்து அனுப்புகிறாள்.
பதில் வரவில்லை.

சோதனை ஓட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகள்.
ஒன்று ஒழுகுகிறது.
அசலுக்கு உடுப்பு கிடையாது என்று
கிடங்குக்கு ஒதுக்கிய எர்லைத் தூக்கிவந்து
அந்த இருக்கையில் உட்கார்த்தி
இடுப்புக்கம்பியை அழுத்துகிறாள்.
முப்பத்தொரு வருடம்
பக்கத்தில் நின்றே பார்த்தவன்.

டக்டக்.
ஏரியில் இன்னும் பனிக்கட்டி.

திரும்பி வந்தபோது தாடையைக் காணோம்.
இரண்டாம் இறக்கத்துக்குக் கீழே
புல்லை விலக்கி விலக்கித் தேடினாள்.
கிடைத்தது.
பற்களில் ஊதாச் செதில்கள்.