155ஆம் இலக்க பஸ்

டிக்கெட்டின் பின்பக்கத்தில்
பேனாவால் கைகள் வரைகிறேன். கைகள் மட்டும்.
முகம் வரைந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கொட்டாஞ்சேனையில் ஏறி
பம்பலப்பிட்டி வருமுன் ஒரு கை முடியும்:
பிரித் நூல் கட்டிய மணிக்கட்டு,
மருதாணி பாதி தேய்ந்த நகம்,
நெத்தலிப் பையை இறுக்கிய மொழிகள்.
பிரேக் போட்ட இடத்தில் கோடு ஓடியிருக்கும்.
அழிப்பதில்லை.

"ரூபேரோ என்றால், நீங்கள் தமிழா?"
நில்மினி இன்றைக்கும் கேட்டாள்.
அப்பா கடனைச் சிங்களத்தில் எண்ணுவார்,
மணிகளைத் தமிழில்.
பெயர் கப்பலில் வந்தது;
நாங்கள் அதற்கு முன்பே கரையில் நின்றோம்.
இவ்வளவும் சொல்வதற்குள்
தேத்தண்ணி ஆறிவிடும்.
"ஓம்" என்றேன்.

நேற்றிரவு கரண்ட் போனபோது
கைபேசி வெளிச்சத்தில்
பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன்.
டிக்கெட்டுகளில் அச்சு மங்கிப்போய்
காசு, திகதி, இறங்கும் இடம்
ஒன்றும் இல்லை.
கைகள் இருந்தன.

எல்லாக் கைகளிலும்
சின்னவிரல் உள்ளே வளைந்திருந்தது,
செபமாலை உருட்டும்போது
அப்பாவுக்கு வளைவதைப் போல.
எனக்கும்தான்.

பிக்குவுக்கு, மீன்காரிக்கு, கண்டக்டருக்கு,
கம்பி எட்டாமல்
என் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு
எங்கள் விரலைக் கொடுத்திருக்கிறேன்
கேளாமலே.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம்.
இதைச் சொல்வதா?
என்ன பாவம் என்று
எந்தக் கட்டளையின் கீழ் சொல்வது?
ஃபாதர் சிரிப்பார்.
வலைக்கு அந்தப் பக்கம்
அவர் உயர்த்தும் கையை
இன்னும் வரையவில்லை.