வருமானப் பக்கத்தில் வெண்டைக்காய்

மருந்துக்கடை முதலாளி தூக்கிப் போட்ட பழைய டைரி.
மார்ச் எட்டில் தொடங்குகிறது எங்கள் வீடு.
அதற்கு முந்தைய பக்கங்களில்
யாருக்கோ இருமல் மருந்து,
யாரோ தராத பாக்கி.

ஹோ நகரம் முடிந்து
அடாக்லு மலை தெரியத் தொடங்கும் இடத்தில்
எழுபதுக்கு நூறடி மண்.
வாங்கிய அன்றே எலிக்கெம்
சிவப்புப் பெயின்ட்டில் எழுதினான்:
'இந்த நிலம் விற்பனைக்கு இல்லை.'
கானாவில் எல்லோரும் அதைச் சுவரில் எழுதுவார்கள்.
எங்களுக்குச் சுவர் இல்லை.
இரவல் பலகையில் எழுதினான்.
பெயின்ட் பதினெட்டு சேடி. குறித்துக்கொண்டேன்.

வங்கியில் போட்ட பணம்
உட்கார்ந்த இடத்திலேயே இளைக்கிறது.
அதனால் கல்லாக்கி அடுக்குகிறோம்.
மூட்டை சிமெண்டுக்கு முப்பது கல் என்பார்
கொத்தனார் டொட்சே.
முப்பத்தைந்து என்பான் எலிக்கெம்.
அந்த ஐந்து கல்லை வைத்தே
ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோம்.

சூசூ வசூலுக்கு அக்பேகோ
தினமும் சைக்கிளில் வருவார்.
அட்டையில் ஒரு கட்டம், என் கையிலிருந்து பத்து.
மாதக் கடைசியில் முப்பது நாள் பணம் திரும்பும்,
முப்பத்தோராம் நாள் அவர் கூலி.
வாயைக் கட்டினோம், வயிற்றைக் கட்டினோம்,
யாயராவுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டினோம்.
கட்டாமல் நின்றது
வீடு ஒன்றுதான்.

ஜூலையில் சிமெண்ட் விலை ஏறியது.
ஓர் அறை விழுந்தது.
கன்னத்தில் இல்லை, வரைபடத்தில்.
ஆகஸ்டில் இன்னோர் அறை.
எலிக்கெம் ரப்பரால் அழித்த இடத்தில்
தாளே மெலிந்துபோனது,
வெளிச்சத்தில் பிடித்தால்
அந்தப் பக்கம் தெரிகிறது.

செலவுக் கணக்கைப் படித்தால்
எங்கள் வீடு எங்கெங்கே இருக்கிறது என்று தெரியும்.
ஜன்னல்கள் ஐந்தும்
என் தம்பி கொட்ஜோவியின் சிறுநீரகத்தில்.
பின்கதவு
எலிக்கெமின் சித்தப்பா சாவுக்கு வைத்த மொய்யில்.
செப்டிக் டேங்கில் பாதி, தேர்வுக் கட்டணம்.
மீதிப் பாதிக்கு நேரே
'இதர' என்று இருக்கிறது, என் கையெழுத்து.
எலிக்கெம் அந்தச் சொல்லின் மேல்
விரலை வைத்தான், எடுத்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.
அது ஒரு ஜோடி செருப்பு.
இங்கே மட்டும் சொல்கிறேன்.

வாடகை வீட்டுக்காரர்
இரண்டு வருட வாடகையை முன்பணமாகக் கேட்டார்.
அந்தத் தொகைக்குத் தகரம் வாங்கி
ஓர் அறைக்கு மட்டும் கூரை போட்டுக்
குடிவந்துவிட்டோம்.
ஜன்னல் ஓட்டைக்கு ஒட்டுப்பலகை.
ஹார்மட்டான் காற்று
எங்களைக் கேட்காமலே உள்ளே வந்து
பாத்திரங்களுக்கெல்லாம் பவுடர் பூசிப் போகிறது.

மற்ற அறைகள் முழங்கால் உயரம்.
சும்மாவே தாண்டலாம்.
ஆனால் யாயரா
வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத்தான்
தன் அறைக்குள் போகிறாள்.
நானும் அப்படித்தான் போகவேண்டும்.
ஒருநாள் சுவரைத் தாண்டினேன்.
"அம்மா, அது ஜன்னல்" என்றாள்.

அங்கே, கட்டில் வரவேண்டிய மூலையில்,
அவள் ஊன்றிய விதை.
பதினோரு வெண்டைச் செடி.
கூடை நிறையப் பறித்து வந்து
என்னிடமே விலை பேசினாள்.
எட்டு என்றாள், ஐந்து என்றேன்,
ஆறுக்குப் படிந்தது.
இரவு அக்ப்லேயும் வெண்டைக்காய்க் குழம்பும்.
சாப்பிட்ட கையோடு டைரியைக் கொண்டுவந்தாள்.

வருமானப் பக்கத்தில்
என் சம்பளம், எலிக்கெமின் டாக்சி,
இரண்டே வரி, இரண்டு வருடமாக.
மூன்றாவதாக எழுதினேன்:
வெண்டைக்காய், ஆறு சேடி.
ஐந்து கல்லுக்குச் சண்டை போட்ட எலிக்கெம்
வாங்கியதும் நாம், விற்றதும் நாம்,
இது எப்படி வருமானம் என்று கேட்கவில்லை.
கூட்டிப் பார்த்தான். சரி என்றான்.

இன்று தளம் போட மணல் இறங்கியிருக்கிறது.
மண்வெட்டியோடு நிற்கிறார் டொட்சே,
"செடியைப் பிடுங்கட்டுமா?"
இன்னும் பூ இருக்கிறது.
அடுத்த வாரம் வாருங்கள் என்கிறேன்.

அடுத்த வாரம்
சிமெண்ட் என்ன விலையோ.