மாட்டன்

மண்டபம் முகாமில் எனக்கு அப்போது மொழிபெயர்க்கும் வேலை,
நாளுக்கு நாற்பது ரூபாய்.
ரூத் வந்திருந்தாள். குவேக்கர் என்றாள்.
நடுங்குகிறவர் என்று பொருளாம், ஊர் வைத்த பரிகாசப் பெயர்.
“அப்ப நாங்களும்தான்” என்றது
கடைசி வரிசை வீட்டிலிருந்து ஒரு குரல்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால்
அவள் சபைக்காரர்கள் ராஜாவுக்கே எழுதிக் கொடுத்தார்களாம்:
எந்தக் காரணத்துக்கும், எவர் பொருட்டும் ஆயுதம் எடுப்பதில்லை.
ராஜாவுக்குத் தொப்பியைக்கூடக் கழற்றாதவர்கள்.
பிறகு சிறை.
பிறகு பெரிய யுத்தத்தில், துப்பாக்கி வேண்டாம் என்றவர்கள்
காயம்பட்டவரைச் சுமந்தார்கள்,
சிலர் அதற்கும் ஒப்பாமல் கல்லுடைத்தார்கள்.

வட்டமாய் உட்கார்ந்து பேசாமல் இருப்பதுதான் வழிபாடு.
அவள் இரண்டு சொல் சொன்னாள்,
பேசாதிருப்பதற்கு ஒன்று, போர் இல்லாததற்கு ஒன்று.
என்னிடம் இருந்தது ஒன்றுதான்: அமைதி.
சொன்னதும் முகங்கள் மூடிக்கொண்டன.
அந்தப் பெயரில் ஒரு படை
அவர்கள் வீட்டுக்குள் பூட்ஸோடு நடந்து
இரண்டு வருஷம்கூட முடியவில்லை.

அடுத்ததை, மனச்சாட்சியின்படி மறுப்பவர் என்று
அகராதி புரட்டி வைத்தேன். யாருக்கும் விளங்கவில்லை.
பேசாலை அமலதாசன்தான் எழுந்தான்.
“பொடியளும் கேட்டவங்கள், ஆமியும் கேட்டது.
துவக்கு தூக்கமாட்டன் எண்டனான்.
ரெண்டு பக்கமும் அடிச்சது.”

எங்கள் கரையில் மாட்டேன். அவன் கரையில் மாட்டன்.
எப்படிச் சொன்னாலும் நான் என்று தனியே வேண்டாம்,
சொல்லின் வாலிலேயே ஆள் நிற்கிறான்.
மாட்டன் என்றவன் மாட்டிக்கொள்வான் என்பதும்
அதற்குள்ளேயே இருக்கிறது.
ரூத்துக்கு இதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

போன ஆடியில், கச்சான் தள்ளி,
எஞ்சின் செத்த நீர்கொழும்புப் படகொன்று குந்துகாலில் ஒதுங்கியது.
உள்ளே இரண்டு பையன்கள். சிங்களம் மட்டும். உதடு வெடித்திருந்தது.
என் மச்சான் சேசுவடியான்
பெட்டியில் வந்து இறங்கி ஒன்பதாம் நாள்.
கரை நிறைய ஆள். கை நிறையக் கல்.

அமலதாசன் அங்கேதான் கலப்பத்து அடிக்கிறான்
(முப்பது வருஷமாய் இன்னும் முகாம் பதிவுதான்).
தார்ச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து
படகுக்கும் எங்களுக்கும் நடுவே உட்கார்ந்தான்.
கும்பிடவில்லை. வாய் திறக்கவில்லை.
பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி.

ஒரு கல் வந்தது. காது கிழிந்தது.
நகரவில்லை. ஆனால் நடுங்கினான்,
முட்டி இரண்டும் ஆடியது எங்களுக்குத் தெரிந்தது.

மெரைன் போலீஸ் வர முக்கால் மணி நேரம்.
அதுவரை அலைச்சத்தம் மட்டும்.
அதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியும்.

யாருக்கும் ஆத்திரம் ஆறவில்லை.
திரும்பிப் போகையில் ஒருவன் தார்ச்சட்டியை உதைத்துவிட்டுப் போனான்.

அந்தக் கல்லை எறிந்தது நானில்லை.
என் கல் இருட்டும்வரை என் கையிலேயே இருந்தது.
எறியமாட்டேன் என்று
நான் சொல்லவும் இல்லை.