குறிப்பு: ஒன்றுமில்லை

காலை ஆறு மணிக்கு
சுத்தமல்லி அணைக்கட்டில் அளவுகல் பார்த்து
பதிவேட்டில் எழுத வேண்டும்:
அடி, அங்குலம், திறந்த ஷட்டர் எத்தனை.
கடைசிக் கட்டம் குறிப்புக்கு.
பத்தொன்பது வருஷமாக அதில்
ஒன்றுமில்லை என்றே எழுதுகிறேன்.

பலவேசம் என் கூட்டாளி லஸ்கர்.
போன ஐப்பசியில் ஷட்டர் சக்கரம் சுற்றும்போதே
அவன் வலக்கை நழுவி விழுந்தது.
"லேய், கை எங்கல போச்சு" என்று சிரிக்கப் பார்த்தான்.
சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.
ஹைகிரவுண்டுக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம்
அவன் செருப்பை மடியில் வைத்திருந்தேன்,
எதற்கென்று தெரியவில்லை.

மறுவாரம் நானும் கையை நீட்டினேன்.
பட்டையைச் சுற்றி இருமுறை பார்த்துவிட்டு
டாக்டரம்மா ரத்தக்குழாயை
நெல்லைக் கால்வாய் என்றார்.
வண்டல் என்றார், கரை என்றார்.
எனக்கா கால்வாய்ப் பாடம்!
"கால்வாய்னா சித்திரையில அடைப்போம்,
ஆள விட்டுத் தூர் வாருவோம்.
இத எப்பம்மா அடைக்கது?"
அவர் பேனாவை மூடினார்.
"அடைக்க முடியாதுல்லா அண்ணாச்சி.
அதுக்குத்தான் மாத்திரை."

முதலில் நாலு.
பிரம்மசக்தி பீடித் தட்டின் ஓரம் பிரித்து வைப்பாள்.
தூளுக்குள் ஒன்று காணாமல் போகும்,
வெள்ளை ரெண்டில் எது எதுவென்று சண்டை வரும்,
பிறகு ஒன்றுமே வேண்டாமென்று வேலைக்கு ஓடுவேன்.
இப்போது ஒன்றே ஒன்று.
பிரஷருக்கு ரெண்டு மருந்து, கொழுப்புக்கு ஒன்று,
மூன்று பேர் ஏறிய சைக்கிள் மாதிரி
ஒரே வில்லையில்.

"ஒமக்கு என்ன செய்யுது?" என்கிறாள்.
ஒன்றும் செய்யவில்லை.
"பொறவு எதுக்கு முழுங்குதீரு?"
அளவுகல்லில் தண்ணீர் ஏறியதைக் காட்டலாம்.
ஏறாமல் நின்றதை
எந்தக் கல்லில் காட்ட?

மாத்திரை போட்ட நாளில்
குறிப்புக் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன்.
மாசியில் மூன்று நாள் புள்ளி இல்லை.
மச்சினன் வீட்டுக் கொடையில் கிடாக்கறி,
மாத்திரை அட்டை இங்கே சட்டைப்பையில்.
ஏ.ஈ. கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"என்னவே இது, கொசுமுட்டையா?"
"ஒன்னுமில்ல சார்."

சாயங்காலம் பலவேசம் காலை இழுத்து இழுத்து
மதகு வரை வருகிறான்.
இடக்கையால் கையெழுத்துப் பழக
பழைய பதிவேடு கேட்கிறான்.
கொடுத்தேன்.
'ப' எழுதவே அரைப் பக்கம் ஆகிறது.
அதற்குள் அவன் கேட்டுவிடுகிறான்,
"இன்னைக்குப் போட்டியால?"