நான்காம் சந்திப்பு: அறிக்கை

படிவத்தில் ஐந்து கட்டங்கள்.
மாணவர்: வில்னர் தெசீர், முதலாமாண்டு.
வழிகாட்டி: டமேக்கா ஹோலிஸ். அது நான்.
இடம் என்ற கட்டத்தில்
சலவை அறை என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. பொது அறையில் நான்கு மேசை,
இஸ்பேட் போட்டி.
கதவில் என் கையெழுத்தில் அறிவிப்பு:
நம் வீடு, நம் ஆட்டம், எல்லோரும் வாருங்கள்.
கெளுத்தி மீன் பொரிகிற வாசம்
மூன்றாம் மாடி வரை ஏறியிருந்தது.
சீட்டை ஓங்கி அறைகிற ஒவ்வொரு அறைக்கும்
ஜன்னல் விளிம்பில் மின்னசோட்டாப் பனி
கொஞ்சம் உதிர்ந்தது.

வில்னர் மட்டும் இல்லை.
மூன்று வாரமாகவே இல்லை.
அவன் கதவிடுக்கில் நான் செருகிய துண்டுத்தாள்கள்
செருகியபடியே.

கீழ்த்தளத்தில் இருந்தான்,
உலர்த்தி இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து,
காய்ந்த துணியை மறுபடி காயவைத்துக்கொண்டு.

"எங்கள் வீட்டில் தோமினோதான்.
அம்மாவுக்குக் கிரெயோல்தான் பேச்சு.
இதுகூடத் தெரியாமல் இந்த வீட்டுக்கு
எப்படி வந்தாய் என்று கேட்பார்கள்.
தப்பான வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேனோ?"

இதற்கொரு பதில்
பயிற்சிக் கையேட்டில் இருக்கிறது,
பக்கம் பதினொன்று, எனக்கு மனப்பாடம்.
வாயைத் திறந்தேன்.
வேறொன்று வந்து விழுந்தது.

"எனக்கும் ஆடத் தெரியாது."

இரண்டு வருடமாகக் கணக்கெழுதுவது நான்.
பென்சில் வைத்திருப்பவளை
யாரும் ஆடக் கூப்பிடுவதில்லை.
மெம்ஃபிஸ்காரி, சீட்டோடு பிறந்தவள் என்று
அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.
நான் திருத்தவில்லை.

அவன் சிரித்த சிரிப்பில்
மடியிலிருந்த காலுறை ஒன்று தரையில் விழுந்தது.

சூடான தகரத்தின் மேல் சீட்டைப் பரப்பினோம்.
ஆட்டின் ராணியைக் காணோம்;
அவனுடைய சாப்பாட்டு அட்டை ராணியானது.
துருப்பு எதுவென்று இருவருக்கும் தெரியும்,
எப்போது இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

அழுக்குத் துண்டுகளோடு இறங்கி வந்த கியோன்டே
வாசலிலேயே நின்றான்.
என்னைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
"நீயுமா?"

நெடுநேரம் சிரித்துவிட்டு
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.
"முதலில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்.
இந்த வீட்டில் ஜோக்கர்
இஸ்பேட் ஏஸையே வெட்டும்.
சரி, நாலாவது கை யார்?"

கற்பித்தது என்ன?
அந்தக் கட்டம் இன்னும் காலி.

மேலே யாரோ கத்துகிறார்கள்:
கணக்கு எங்கே, டமேக்கா, கணக்கு!
பென்சில் என் பின்னலில்தான் இருக்கிறது.
அங்கேயே இருக்கட்டும்.