நூற்றுப் பன்னிரண்டு

ஆகஸ்ட் வியாழன், காலை எட்டு மணி.
ஹல் நகரில் மழை இன்னும் முடிவெடுக்கவில்லை.
பன்னிரண்டு தொலைபேசி, பன்னிரண்டு பேர்,
நடுவில் ஒரு தட்டு பிஸ்கட்.
என் மேசைத் தடுப்பில் குண்டூசி குத்திய அட்டவணை.

ஏ லெவலில் பி வாங்கினால் நாற்பது.
ஸ்காட்லாந்தின் ஹையரில் பி வாங்கினால் இருபத்தேழு.
எழுத்து ஒன்றுதான்,
எல்லைக்கு அந்தப் பக்கம் படி வேறு, மரக்கால் வேறு.
ஏன் என்று கேட்பது என் வேலை இல்லை.
கூட்டுவது என் வேலை.
கடல் உயிரியலுக்கு நூற்றுப் பன்னிரண்டு.

முதல் அழைப்பு, கிரிம்ஸ்பியிலிருந்து கெஸாயா.
பி, சி, டி என்றாள்,
ஒவ்வொரு எழுத்தையும் தரையில் வைப்பதுபோல்.
தொண்ணூற்றாறு.
வேறு ஏதாவது உண்டா, யோசித்துச் சொல், என்றேன்.
நெடு நேரம் கழித்து,
ட்ராம்போன் ஏழாம் கிரேடு, டிஸ்டிங்ஷன், அது கணக்கா, என்றாள்.
விரலை அட்டவணையில் இறக்கினேன்.
பதினாறு.
நான் சொல்லி முடிக்குமுன்
அந்த முனையில் யாரோ நாற்காலியைத் தள்ளி எழுந்தார்கள்,
ஒரு நாய் குரைத்தது.
பித்தளைக் குழாய் ஒன்று அவளைக்
கடலுக்குள் ஊதித் தள்ளிவிட்டது.

இடையில் போஷெனா,
முட்டைக்கோஸ் கிடங்கின் இரைச்சலுக்கு நடுவே.
போலந்தில் படித்தது, தொண்ணூற்றெட்டில், என்றாள்.
அதற்கு வேறு புத்தகம், வேறு அறை, வேறு ஆள்.
மாற்றிவிட்டேன். இணைப்பு போனதா, தெரியாது.

பதினொன்றரைக்கு ரூரி மக்காஸ்கில், ஸ்கால்பே தீவு.
ஏ, பி, பி, சி.
முப்பத்து மூன்று, இருபத்தேழு, இருபத்தேழு, இருபத்தொன்று.
இரண்டு முறை கூட்டினேன்.
நூற்றெட்டு.
வேறு ஏதாவது?
அப்பாவின் படகு, என்றான். காலை நாலு மணிக்கு நண்டுக் கூடைகள்.
எந்தப் பாறைக்கு அடியில் எந்த மாதம் என்ன இருக்கும்
என்று எனக்குத் தெரியும்.
அட்டவணையில் பாறைக்கு வரி இல்லை.
இசை?
ஃபிடில் வாசிப்பேன். கல்யாணங்களில், விடிய விடிய.
கிரேடு?
என்ன கிரேடு, என்றான்.

அவனைக் காத்திருப்பில் போட்டுவிட்டு
டாக்டர் பிராம்ஹாலிடம் ஓடினேன்.
தேநீரைக் கலக்கிக்கொண்டே, நாலு குறைகிறதா, என்றார்.
மூன்று மணி வரை பார்ப்போம், என்றார்.
கெட்ட மனிதர் இல்லை. இரண்டு இடம்தான் மிச்சம்.

திரும்பி வந்தேன்.
உங்கள் வயலின் சுதி இறங்கியிருக்கிறது, என்றான் ரூரி.
என்ன?
நீங்கள் காத்திருக்க வைத்தபோது பாடிய வயலின்.
இரண்டாவதாக வருவது. கொஞ்சம்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
எண்பத்தொன்பதில் புவியியலில் சி வாங்கினேன்.
அன்று அதற்கு ஆறு புள்ளி.
பிறகு அட்டவணையை மாற்றினார்கள், எண்பது ஆனது.
மறுபடி மாற்றினார்கள், முப்பத்திரண்டு.
இத்தனைக்கும் அந்தத் தாளில்
நைல் நதியை நான் தப்பாகத்தான் வரைந்திருந்தேன்,
தப்பு அப்படியே இருக்கிறது.

இரண்டே முக்காலுக்கு இடங்கள் நிரம்பின.
மூன்றுக்கு ரூரியை அழைத்தேன்.
மணி அடித்தது. பிறகு காற்று, கடற்பறவை,
யாரும் எடுக்காத நீளம்.
செய்தி விட்டேன். மரியாதையான வார்த்தைகளில்.
ஏழாவது வார்த்தையில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாலைப் பேருந்தில், பெவர்லி ரோட்டில்,
எங்கள் அலுவலக எண்ணுக்கு நானே அழைத்தேன்.
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், என்றது.
வயலின்கள் தொடங்கின.
பதினோரு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் ஒலிப்பவை.
காதோடு அழுத்திக்கொண்டு
என் நிறுத்தம் தாண்டும்வரை கேட்டேன்.

எது இறங்கியது,
எவ்வளவு,
எனக்குப் பிடிபடவே இல்லை.